ஒடெசா அம்மையாருக்குக் கிடைக்காத வெள்ளிக்கிழமை

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டக் கல்வி அதிகாரி திரு. லைல் ஹட்சன்ஸ் அவர்களே! கல்விக்குழு உறுப்பினர்களே! துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரிட்சர்ட் குடும்பத்தாரே! சக ஆசிரியர்களே! மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம்.

அழத்தான் இங்கே வந்தேன். ஆனால் சற்றுமுன் அதிகாரி ஐயா பேசியதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. நம் மைதானத்தின் புதிய வாசலுக்கு மறைந்த நம் மூத்த வரலாற்று ஆசிரியை ஒடெசா பிரிட்சர்ட் அம்மையாரின் பெயரை வைக்கப் போகிறார்களாம்! வாசலுக்கு! நீங்களும் கைதட்டினீர்கள். மைதான வாசலில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் ராய்ஸ் டானஹில். இந்தப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளன். கூடவே அமெரிக்க வரலாறும் நடத்துகிறேன். என்னை வேலைக்கு எடுத்தபோது வரலாற்றில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எத்தனை மேட்ச் ஜெயிச்சுக் குடுப்பீங்க?" என்றுதான் கேட்டார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். வரலாற்றை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், ஆட்டத்துக்குத்தான் ஆள் வேண்டும்!

முதல் வாரமே அம்மையார் என் வகுப்பறைக்கு வந்தார்.

"கோச், உள்நாட்டுப் போர் எப்ப முடிஞ்சுதுன்னு சொல்லிக்குடுத்தீங்க?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு, மேடம்."

"சரி. யாருக்கு முடிஞ்சுது? அடிமையா இருந்தவங்களுக்கு முடிஞ்சுதா?"

நான் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். காபி நான் போடறேன், கேக் நீங்க வாங்கிட்டு வாங்க" என்றார். அவருடைய சமையலறையில்தான் நாங்கள் ஆசிரியர்கள் ஆனோம். பல பள்ளிகளின் பயிற்சியாளர்கள், பழைய கடிதங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் மேசையில் பரப்பிப் படித்தோம், சண்டை போட்டோம், மறுபடி படித்தோம். மாவட்டம் எங்களுக்கு என்ன பயிற்சி தந்தது? உணவுக்கூடத்தில் உட்கார வைத்து, வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று காட்டினார்கள். அதற்குப் பெயர் ஆசிரியர் மேம்பாடு!

ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு வெள்ளிக்கிழமை மாநிலத் தலைநகரில் வரலாற்று ஆசிரியர்களின் மாநாடு நடக்கும். ஆண்டுதோறும் அம்மையார் விடுப்புக் கேட்டார். வெள்ளி இரவு நம் அணியின் ஆட்டம் இருக்கிறதே, ஆசிரியர்களுக்கு அங்கே வேலை இருக்கிறதே! கிடைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் மாநிலத்தின் சிறந்த வரலாற்று ஆசிரியராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அப்போதாவது அனுப்பினார்களா? அதிகாரியின் அறையில் நானும் இருந்தேன்.

"ஒடெசா, கேட்டுல டிக்கெட் கிழிக்க ஆள் இல்ல. விருதத் தபால்ல அனுப்பச் சொல்லுங்களேன்."

"விருது தபால்ல வந்துடும், லைல். அங்க அத்தன வாத்தியாருங்க ஒண்ணா உக்காந்து பேசறது தபால்ல வருமா?"

அந்த ஆண்டும் அனுப்பினீர்களா ஐயா? இல்லை. தலைநகரில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அவரோ இங்கே குளிரில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தபாலில் வந்த விருதைப் பள்ளி முகப்பிலுள்ள கண்ணாடி அலமாரியில் வைக்கக்கூட இடமில்லை என்றீர்கள். அங்கே என் அணி வாங்கிய கோப்பைகள் இருக்கின்றனவாம்! வெட்கமாக இருக்கிறது ஐயா. அந்தக் கோப்பைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

உயிரோடு இருந்தவரை ஒரு வெள்ளிக்கிழமை தர மனம் வரவில்லை. செத்த பிறகு வாசலா? யாருக்கு வேண்டும் உங்கள் வாசல்!

அம்மையாரே, உங்கள் சனிக்கிழமை வகுப்பு நிற்காது. இனி என் வீட்டில் நடக்கும். ஹட்சன்ஸ் அவர்களே, நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வரலாற்றை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று பயிற்சியாளர்கள் தலையில் கட்டினீர்கள் அல்லவா? வருகிற அக்டோபர் மாநாட்டுக்கு அந்தப் பயிற்சியாளர்கள் அனைவரும் போகிறோம். அன்றிரவு நம்மோடு மோதவேண்டிய அணியின் பயிற்சியாளரும் அந்தச் சமையலறையில் படித்தவர்தான். அவரும் எங்களோடு ஒரே வேனில் வருகிறார். அதோ, கடைசி வரிசையில் எழுந்து நிற்கிறார், பாருங்கள்!

அம்மையார் ஆண்டுதோறும் விடுப்புக் கேட்டார். நாங்கள் கேட்கப் போவதில்லை.