ஒரு ஆணியும் மிஞ்சவில்லை

பகிடிக்குக் கோபிக்கிற ஆள் நானில்லை, சார்ஜன் மஹ்மூத் சேர். இந்தப் பொலிசுக்கு வெளியே, கடுகண்ணாவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுச் சுந்தரலிங்கம் முப்பது வருடமாக என்னைப் பற்றி ஒரே பகிடியைத்தான் சொன்னார். "வீரையாண்ணே எதைக் கழட்டிப் பூட்டினாலும் ஒரு ஆணி மிஞ்சும்ங்க. மிஞ்சினதை எல்லாம் சேர்த்தா ஒரு பஸ்ஸே செய்யலாம்." கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத கொண்டக்டர்கூட, "இன்னைக்கு எத்தனை ஆணி, தாத்தா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன்.

போன வருடம் சுந்தரலிங்கத்துக்கு நுரையீரல் பழுதானது. ஒட்சிசன் மெஷினில்தான் மூச்சு. கரண்ட் போனால் ஜெனரேட்டர். அது திக்கித் திக்கி ஓடியதால் செவ்வாய்க்கிழமை அதன் காப்ரேட்டரை என்னிடம் தந்தார்கள்.

நேர்த்தியாகச் செய்தேன். கழற்றி, பெற்றோலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பெற்றோல் பாயும் ஜெட்டின் ஊசித் துளைக்குள் ஒற்றை வயர் இழையை விட்டெடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். புது வாஷர் போட்டேன். பூட்டி, ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினேன். முனகல்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மரம் விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் பத்து நிமிடம் ஓடி நின்றது. அவர் மனைவி ஞானேஸ்வரி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். "அண்ணே, மெஷின் நின்னுருச்சு, ஓடி வாங்கண்ணே."

கையெல்லாம் கிரீஸ். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனேன். அழுக்குக் கையோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் பழக்கம் எனக்கில்லை. காப்ரேட்டரைக் கழற்றும்போது ஆணிகளைப் போட்டு வைத்த தட்டையும் வெறுமையாக எடுத்துப்போனேன். சுந்தரலிங்கம் கதிரையை இறுகப் பிடித்திருந்தார். நகமெல்லாம் நீலம். தட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாருங்க தம்பி, ஒரு ஆணியும் மிஞ்சல."

அவர் தட்டைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நீங்கள் நல்ல மனிதர், சேர். காப்ரேட்டருக்குள் பஞ்சுத் துணுக்கு கிடந்ததாம். "வயசு போனா கை தவறும் தானே ஐயா, அப்படியே எழுதிருவோம்" என்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும். என் கை தவறவில்லை. அது துடைத்த துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சல்ல. என் தலையணையிலிருந்து பிய்த்து, கடுகளவு உருட்டி, பத்தாவது நிமிடம் ஜெட்டை அடைக்கிறதா என்று என் சொந்தப் பெற்றோல் தண்ணீர்ப் பம்பில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்த பிறகே உள்ளே வைத்தேன்.

தாளைத் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். "தவறுதலாக" என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். ஊர் சிரிக்கும்.