என் பதினோரு எலி எங்கே?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அண்ணனின் துணைவியாரான அண்ணி அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே! கனத்த நெஞ்சோடு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அழுவதற்காக நான் இங்கே வந்து நிற்கவில்லை. பெருமை பேச வந்திருக்கிறேன்! நம் விலங்குக் கூடத்தின் காப்பாளர், முப்பத்தொரு ஆண்டுகள் எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவிய நம் ‘கூண்டு அண்ணன்’, ஒரு மருந்தையே தடுத்து நிறுத்தியவர். யாருடைய மருந்தை? என்னுடைய மருந்தை!

ஆம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு மூட்டுவலிக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தேன். அறுபது எலிகளுக்குக் கொடுத்தோம். பதினொன்று செத்தன. நான் என்ன செய்தேன்? சோதித்தது நாற்பத்தொன்பது, செத்தது ஒன்றுமில்லை என்று கட்டுரை எழுதினேன். இத்தனை படித்த நான், கை கூசாமல் எழுதினேன்!

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு நிறுவனம் முன்வந்தது. அந்த மகிழ்ச்சியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி அண்ணன் உள்ளே வந்தார்.

“மேடம், பலகையில ஒட்டியிருக்கிற உங்க கட்டுரைய ஒருத்தர படிச்சுச் சொல்லச் சொன்னேன். என் பதினோரு எலி எங்க?”

“அது ஏதோ நோய் வந்து செத்தது அண்ணே.”

“நோய்னா பக்கத்துக் கூண்டுலயும் செத்திருக்கணுமே? மருந்து குடிச்சது மட்டும்தானே செத்துச்சு. அத்தனைக்கும் காது மஞ்சளா இருந்துச்சு மேடம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கூண்டு கழுவுற வேலைய மட்டும் பாருங்க!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அண்ணன் போனாரா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்!

“இதே மருந்த நாளைக்கு என் சம்சாரத்தோட முட்டிவலிக்கு எழுதிக் குடுப்பாங்க. நான் எப்படி எந்திரிச்சுப் போறது?”

கேக்கை யாரும் தொடவில்லை. எரித்துவிட வேண்டிய அந்த எலிகளை அண்ணன் எண் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்தார். மறுநாள் அறுத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் ஈரல் சிதைந்திருந்தது! கட்டுரையை நானே திரும்பப் பெற்றேன். பதவி உயர்வு போயிற்று. நிறுவனம் கைகழுவியது. ஆனால் தோழர்களே, அந்த மருந்து ஒரு மனிதர் வாயிலும் விழவில்லை!

இன்று என்ன நடக்கிறது? நமக்குச் சாதகமான முடிவு மேடையேறுகிறது, பாதகமான முடிவு குப்பைக்குப் போகிறது. நம்மை நம்பி மருத்துவர் எழுதித் தருகிறார், அவரை நம்பி நோயாளி விழுங்குகிறார். அந்த நம்பிக்கையை அரிப்பது யார்? கூண்டு கழுவுகிறவர்களா? இல்லை, கோட்டுப் போட்ட நாம்!

இன்று காலை இயக்குநர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். இனி விலங்குக் கூடத்து ஊழியர் ஒப்பமிடாமல் எந்தக் கட்டுரையும் இந்த வாசலைத் தாண்டாது! அந்த ஒப்பத்துக்கு முதலில் போவது என் கட்டுரைதான். புதிய காப்பாளர் தப்பு என்றால் தப்புதான், திரும்ப எழுதுவேன். இது என் உறுதி. என்னோடு யார் யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள்! இன்னும், இன்னும்!

அண்ணி, ஒரு நிமிடம் எழுந்து பின்னால் திரும்பிப் பாருங்கள்!