புது விமானம் வராமலே போகட்டும்

"அந்தப் புது விமானம் வராமலே போகட்டும்" என்று முன் சீட்டில் ஒருவர் சொன்னார். பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதில் எனக்கு வெட்கமே கிடையாது, காதைத் தீட்டிக்கொண்டேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ் அது. பேசிய பெரியவரும் பக்கத்தில் இருந்தவரும் செக்யூரிட்டி யூனிஃபார்மில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் போனில் செய்தி படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? வெளிநாட்டுக்காரன் பணம் போட்டுப் புதுசா விமானக் கம்பெனி ஆரம்பிக்கிறானாம். பெங்களூர்ல ஏறினா நேரா கனடாவாம், பாதி விலைதானாம். பழைய கம்பெனிங்கதான், எங்க பொழப்பு போயிடும், அவங்களை உள்ள விடாதீங்கன்னு கோர்ட்டுக்குப் போயிருக்காங்க."

"அவங்களே ஜெயிக்கட்டும்."

"உங்க பையன் கனடாவுலதானே இருக்கான்? டிக்கெட் குறைஞ்சா வந்துடுவான்ல?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அவங்கம்மா காரியத்துக்கே, டிக்கெட் ரொம்ப ஜாஸ்திப்பான்னுதான் வரலை. கேக்குறவங்களுக்கெல்லாம் நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன். நாளைக்கு விலை குறைஞ்சும் அவன் வரலைன்னா, நான் என்னன்னு சொல்றது?"

மற்றவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி ஸ்டாப்பிங் வந்தது. பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கேஸு எப்போ முடியுமாம்?"

"அது இழுக்கும்ணா. ரெண்டு மூணு வருசம் ஆகும்."

"இழுக்கட்டும்" என்றார் பெரியவர்.