மூடியைத் தளர்த்தியவன்

தம்பானூரில் கிளம்பிய பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. மனைவி ஏதோ லேபில் ஆராய்ச்சி செய்பவள் என்று பேச்சில் தெரிந்தது. அவள் மடியில் களிமண் கலந்த தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது.

"அதுக்கு மூச்சு முட்டுமேன்னு காலையில மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வச்சேன்," என்றான் கணவன்.

"எதுக்கு மூச்சு முட்டும், அத்தான்?"

"உள்ள உயிர் இருக்குன்னியே."

"ஐயோ! அந்தக் கிருமிக்குக் காத்தே வேண்டாம். களிமண்ணுல இருக்கிற இரும்பை வச்சுதான் அது மூச்சு விடும். அப்படி விட விடத்தான் மஞ்ச மண்ணு பச்சையாகும். காத்து பட்டா இரும்பு பழையபடி ஆயிரும். பாருங்க, மேல எல்லாம் மஞ்சளிச்சுட்டு."

"குலுக்கினா சரியாவாதா?"

"கொள்ளாம், நல்ல யோசனைதான்! குலுக்கினா மிச்சமும் போகும்."

அவன் பாட்டிலையே பார்த்தான்.

"இது முடிஞ்சா திருநெல்வேலிக்கு வந்துருவேன்னு சொன்ன."

"முடிஞ்சாதானே. இனி புது மண்ணு போட்டு முதல்லேருந்து தொடங்கணும்."

"தலை தீபாவளிக்குமா வரமாட்ட?"

"இப்ப எப்படிச் சொல்ல?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று மறுபடி கிளம்பியது. அவன் குரல் தணிந்தது.

"ஊர்ல சாப்பிட உக்காரும்போது மறந்து ரெண்டு தட்டு எடுத்துருதேன்ட்டி. பொறவு ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கேன்."

அவள் மூடியை இறுக்கித் திருகினாள். அதன் பிறகும் கையை எடுக்கவில்லை.

"உள்ள வைக்காதீங்க அத்தான்," என்றாள். "வெளியவே இருக்கட்டும்."