டேங்குக்குள் போட்ட ஹோஸ்

"மாமா, பொண்ணைத்தான் கட்டிக் குடுத்தீங்க. பேசாம காரையாவது நீங்களே வச்சுக்குங்க. எங்ககிட்ட இருக்கறதைவிட உங்ககிட்டதான் அது அதிக நாள் இருக்கு."

"வச்சுக்கறேன் மாப்பிள்ளை. நீங்க அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போங்க."

இப்படித்தான் பேசிக்கொள்வோம், ஐயா. மாமனார் மருமகன் என்ற விறைப்பு எங்களுக்குள் இருந்ததே இல்லை. அவர் என் ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி சிரிப்பார். பின்கட்டு வீட்டிலிருந்து என் மகள் குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க. சோறெல்லாம் பெட்ரோல் நாத்தம் அடிக்குது." அந்தக் குரல் கேட்டால் வீடு வீடாக இருக்கும்.

மனைவி இறந்த பிறகு சமையலறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும்தான் நனையும். உள்ளே போய்ச் சாப்பிடப் பிடிக்காமல், ரிப்பேருக்கு வந்த வண்டிகளில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவேன். வண்டியில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் யாரோ இறங்கிக் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். வீட்டு நாற்காலியைப் பார்த்து அப்படி நினைக்க முடியவில்லை.

மகளை வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளுக்கு வேலை இருக்கும், குடும்பம் இருக்கும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன் தொல்லை செய்யக் கூடாது. ஃபோனில் பேசும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். "சாப்பிட்டியாம்மா" என்று மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

மாப்பிள்ளைக்குக் கார் பைத்தியம். சாதாரண எஞ்சினில் டர்போ போட்டு வேகத்தைக் கூட்டித் தரச் சொன்னார். என் தொழிலே அதுதான். காற்றை அதிகமாக ஊதினால் பெட்ரோலும் அதிகமாகப் போக வேண்டும். அதற்கு எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும், பம்பும் பெரிதாக வேண்டும். பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். அதன் வாயிலிருந்து மேலே இருக்கும் பைப்புக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய், ஹோஸ் என்போம், விரல் நீளம்தான் இருக்கும். டேங்குக்குள் போடுவதற்கென்றே தனி ஹோஸ் உண்டு. வெளியில் போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸுக்கு உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். உள்ளும் வெளியும் பெட்ரோலில் ஊறினால் கொஞ்ச நாளில் களி மாதிரி ஆகிப் பிளந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கறுப்பு.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். தனி ஹோஸ் கைவசம் இல்லை, அவசரத்துக்கு சாதாரணத்தைப் போட்டுவிட்டேன். சில மாதங்களில் கார் இழுக்கவில்லை என்று திரும்பி வந்தது. மகளும் கூட வந்தாள். வேலை முடியும்வரை இருவரும் தங்கினார்கள். அவள் அம்மாவின் பழைய புடவைகளை மடித்து வைத்தாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், "அப்பா, இளைச்சுட்டீங்க" என்றாள். நான் கிழிந்த ஹோஸைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே ரகத்தில் புதிதாக ஒன்றை மாட்டினேன்.

அதன் பிறகு கார் சொல்லிவைத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிரஷர் மெதுவாக இறங்கும், வண்டி திணறும், அவர் ஓரம் கட்டுவார், எனக்கு ஃபோன் வரும். "ராசி கெட்ட வண்டிப்பா இது, வித்துத் தொலைக்கச் சொல்லுங்க" என்று மகள் முணுமுணுப்பாள். "மாமா கைக்குத்தான் அது அடங்கும்" என்று அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்துத்தான் மற்ற எல்லா வேலையையும் சுத்தமாகச் செய்தேன்.

கடைசியாக வந்தபோது இன்னும் பெரிய பம்ப், இன்னும் பெரிய இன்ஜெக்டர் வேண்டும் என்றார். கூடவே ஒரு பாக்கெட்டை நீட்டினார்.

"மாமா, டேங்குக்குள்ள இந்த ஹோஸ்தான் போடணுமாம். எங்கேயோ படிச்சேன். உங்களுக்குத் தெரியாததா, சும்மா வாங்கிட்டு வந்தேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்ன கோபம் மாப்பிள்ளை. போட்டுடலாம்."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. குழந்தை மாதிரி மனசு. ஆனால் அதைப் போட்டால் கார் திரும்பி வராது, ஐயா. அதை ஒரு மெக்கானிக்காக நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஸ்பேனர் டிராயரில் வைத்தேன். சாதாரணத்தையே மாட்டினேன். பழைய பம்ப் என்றால் ஹோஸ் மெதுவாகக் கசியும். புதிய பம்பின் அழுத்தத்துக்கு ஒரே அடியில் பிய்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சிக்னலில் மெதுவாகக் கிளம்பும்போது நடக்கும், வழக்கம்போல ஓரம் கட்டுவார் என்று எண்ணிக்கொண்டேன்.

மகள்தான் ஓட்டியிருக்கிறாள். அவருக்குத் தலைவலி, பக்கத்தில் சாய்ந்திருந்தார். மேட்டில் ஒரு லாரியை முந்தும்போது, முழுசாக அழுத்திய இடத்தில் எஞ்சின் செத்துவிட்டது. இடதுபக்கம் லாரி, அதனால் வலதுபக்கம் ஒடித்திருக்கிறாள்; எதிரே வந்த பஸ் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. அவளுக்குக் கை மட்டும்தான் முறிந்தது. பழக்கமில்லாத வண்டியைத் தப்பாக ஓட்டினாள் என்று நீங்கள் எஃப்.ஐ.ஆரில் எழுதினீர்கள். சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும், "என் பிள்ளையைக் கொன்னுட்டாளே" என்று கத்தினார். அவளும் அதையே நம்பினாள்.

நான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வாரங்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அவள் பேசமாட்டாள், ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். இருந்தாலும் சமையலறையில் இரண்டு தட்டு. தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன், ஒரு கையால் அவளுக்கு முடியாதே.

நேற்று பெட்டி கட்டினாள்.

"எங்கம்மா?"

"அவங்க வீட்டுக்குப்பா. அத்தைக்குன்னு இருந்தது ஒரே பிள்ளை, அதையும் நான் எடுத்துட்டேன். அவங்க அடிச்சாலும் சரி, திட்டினாலும் சரி, கடைசி வரைக்கும் அங்கதான் இருப்பேன். என்னைத் தேடி வராதீங்க."

அதனால்தான் வந்தேன். செய்யாத குற்றத்தை மகள் சுமப்பதை எந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? அவள் ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை. டேங்கைப் பிரித்துப் பாருங்கள், பிளந்த ஹோஸ் உள்ளேயே கிடக்கும். அவர் வாங்கி வந்தது என் டிராயரில் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கொன்றது நான். இது தெரிந்தால் அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள். அந்த வீட்டுக்குப் போக வேண்டிய காரணமே இல்லையே. நான் உள்ளே இருந்தாலும் வீட்டுச் சாவி அவளிடம்தான். ஜெயிலில் பார்க்க வருவதற்கு நாள் ஒதுக்குவார்களாமே, ஸ்டேஷன் வாசலில் கான்ஸ்டபிளிடம் விசாரித்தேன்.

கதவருகே நிற்பது அவளா? நீங்கள் வரச் சொன்னீர்களா? எப்போதிலிருந்து நிற்கிறாள்?

பரவாயில்லை, நானே பேசுகிறேன். அழாதே. கட்டுப் போட்ட கையைச் சுவரில் இடிக்காதே. திரும்பிப் போய்விடாதே, ஒரு நிமிஷம் அப்பா சொல்வதைக் கேள். எத்தனையோ தடவை ஃபோனில் கேட்க வந்து கேட்காமலே விட்டது.

இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேம்மா.