பொம்மரின் அடிவயிறு

...சரி, இவ்வளவு நேரமும் இந்த மேடையில ஏறின எல்லாரும் சண்டையின்ர புள்ளிவிவரம் சொல்லிச்சினம். போதும். நான் ஒரு சின்னக் கதை சொல்லுறன், கேளுங்கோ. நீளாது. பின்னுக்குக் கொத்துரொட்டி மணக்கிறது எனக்கும் தெரியும். முன்வரிசைத் தம்பி, அந்த ஃபோனைக் கொஞ்சம் பொக்கெற்றுக்குள்ள வை ராசா.

எங்கட குலசிங்கத்தாரை உங்களுக்குத் தெரியும். ஊர்ச்சங்கச் செயலாளர். சண்டையைப் பற்றி அவரோட வாய் குடுத்து ஆரும் தப்பினதில்லை. எந்தப் பொம்மர் பிளேனுக்கு எத்தினை எஞ்சின், எவ்வளவு வேகம், என்ன குண்டு காவும்... எல்லாம் நுனிநாக்கில. கலியாணவீடெண்டாலும் அந்தக் கதைதான், செத்தவீடெண்டாலும் அந்தக் கதைதான். ஆனா ஒண்டு. சண்டை துவங்க முந்தியே பிளேன் ஏறி இஞ்ச வந்தவர் அவர். ஒரு பொம்மரும் அவற்ற தலைக்கு மேல போனதில்லை.

அவற்ற மனிசி ஜெயமலர் பிறகு வந்தவ. பொம்மர் அடிக்கேக்க ஊரில இருந்தவ. அவவின்ர தமக்கை சுகிர்தா அந்த அடியில செத்தவ. அது குலசிங்கத்தாருக்குத் தெரியும். எப்பிடித் தெரியும்? "மனிசியின்ர தமக்கை பொம்மரடியில மோசம் போனவ." அவ்வளவுதான். ஒரு வசனம். இத்தினை வருசக் கலியாணத்தில அந்த ஒரு வசனத்துக்கு அங்கால அவர் கேக்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை.

இந்த வருச நினைவு நாளுக்குச் சங்கம் ஒரு முடிவெடுத்தது. எங்கட ஊருக்கு அடிச்ச பொம்மரின்ர மொடல் ஒண்டை மண்டபத்தில வைக்கவேணும், இஞ்ச பிறந்த பிள்ளையள் பாக்கவேணும் எண்டு. பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் துண்டுகளா வரும், பசை போட்டு ஒட்டவேணும். ஆர் போய் எடுக்கிறது? வேற ஆர்... குலசிங்கத்தார்தான். மனிசியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்கார வெள்ளைக்காரர் ரெண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைச்சார். ரெண்டும் ரெண்டு எஞ்சின் பிளேன். ஒட்டி முடிச்சதுகள் கண்ணாடி அலுமாரியில இருந்தது, அதுகளையும் எடுத்துக் குடுத்தார். குலசிங்கத்தார் யோசிக்கவேயில்லை.

"இதுதான்."

ஜெயமலர் பெட்டியில இருந்த படத்தைப் பாத்தா. மேகத்துக்கு மேலால பறக்கிற வடிவான படம். மற்றப் பெட்டியையும் பாத்தா.

"இஞ்சேருங்கோ, எனக்கெண்டா ரெண்டும் பிடிபடேல்லை."

"உமக்கென்ன தெரியும்? நான் புத்தகத்தில பாத்தனான். இதுதான் அடிச்சது."

உமக்கென்ன தெரியும்... கேட்டியளோ? ஆர் ஆரைக் கேக்கிறார்?

அவ கோவிக்கேல்லை. "பக்கத்தால பாத்தா எனக்குத் தெரியாதப்பா. அதை என்ர தலைக்கு மேல தூக்கிப் பிடியுங்கோ," எண்டா.

இவருக்குச் சிரிப்பு. ஒட்டின பிளேனை எடுத்து, கையை நீட்டி, அவவின்ர தலைக்கு மேலால... "ங்ங்ங்ங்..." எண்டு சத்தமும் போட்டு ஓட்டிக் காட்டினார். நடுக்கடையில, நரைச்ச மனிசன். அவ அண்ணாந்து பாத்தா.

"இதில்லை. மற்றது."

மற்றதைத் தூக்கினார். ஓட்டினார். அவ பாத்தா... பாத்துக்கொண்டே நிண்டா. ஒரு கையால மேசையைப் பிடிச்சா.

"உதுதான். கையை இறக்குங்கோ."

அவர் விளையாட்டுக்கு இன்னொருக்காச் சுத்தினார்.

"கையை இறக்குங்கோ அப்பா."

இறக்கினார். "எப்பிடிச் சொல்லுறீர்?" எண்டு கேட்டார். குரல் இறங்கிப்போச்சு.

அவ சொன்னா. நான் கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லை. அவ சொல்லச் சொன்னதாலதான் இதில நிண்டு சொல்லுறன்.

"குப்புறப் படுக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லுறது. நான் வாழைக்குள்ள ஓடேக்க மல்லாக்க விழுந்திட்டன். பிரள நேரமில்லை. அக்கா எனக்கு மேல விழுந்து மூடிக்கொண்டு கிடந்தவ. அக்கான்ர தோளுக்கு மேலாலதான் உதின்ர வயிறு தெரிஞ்சது. குண்டு விழுற உந்தக் கதவு திறந்து கிடந்தது..." எண்டு மொடலின்ர அடியைத் தொட்டுக் காட்டினா. "பிறகு சத்தம் நிண்டிட்டுது. நான் அக்காவை எழும்பச் சொன்னன். அக்கா எழும்பேல்லை. சனம் வந்து தூக்கும் மட்டும் எனக்கு மேலதான் கிடந்தவ. அந்தப் பாரம் இப்பவும் என்ர நெஞ்சில கிடக்கு."

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. பையை விரிச்சு வைச்சுக்கொண்டு, எது வேணுமெண்டு கேட்டபடி நிக்கிறார். குலசிங்கத்தார் கையில இருந்த பிளேனை மெல்ல மேசையில வைச்சார். ஜெயமலர்தான் ரெண்டாவது பெட்டியைத் தொட்டுக் காட்டினா.

வீட்டை கொண்டுபோய் அவர்தான் ஒட்டினார். அடியில இருக்கிற கதவைத் திறந்தபடி ஒட்டினார். சங்கத்தில, மேசையில வெல்வெற் விரிச்சு, லைற் போட்டு வைப்பம் எண்டிச்சினம். குலசிங்கத்தார் மனிசியைத் திரும்பிப் பாத்தார். முதல்தரம் அவவின்ர முடிவைக் கேட்டார்.

"எங்க வைக்கிறது?"

"மேல கட்டுங்கோ."

கட்டியிருக்கு... நீங்கள் உள்ள வரேக்க ஆரும் கண்டனீங்களோ? இல்லை. நேர வந்தியள், கதிரை பிடிச்சு இருந்தியள், கதைக்கத் துவங்கியிட்டியள். இப்ப அண்ணாந்து பாருங்கோ. உங்கட தலைக்கு நேர மேல. பாருங்கோ... ஏன் கதிரையை அங்கால அரக்கிறியள்? அது பிளாஸ்டிக்தான்.

இதைத்தான் சொல்ல வந்தனான். நாங்கள் சண்டையைப் பெட்டிப் படத்தில பாத்துக் கதைக்கிற ஆக்கள். பேர் தெரியும், வேகம் தெரியும், எந்த வருசமெண்டு தெரியும். கீழ கிடந்து பாத்தவை கதைக்கிறேல்லை. ஏன் கதைக்கிறேல்லை? நாங்கள் கதைச்சு முடிச்சாத்தானே அவை துவங்க. உங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு ஆள் இருக்கும், உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்துபோட்டுப் பேசாமல் இருக்கிற ஆள். "உமக்கென்ன தெரியும்" எண்டு கேட்ட அதே வாயால, "நீர் எங்க கிடந்து பாத்தனீர்" எண்டு ஒருக்காக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு, அவ சொல்லி முடிக்கும் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அந்தப் பாரத்தை உங்களால தூக்கேலாது. அது அங்க கிடக்கெண்டாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவேணும்.