எதிர்ச் சுற்று

இது நம் ரியாத்தின் அக்காள் வீட்டுக்காரர் கஹ்தானுக்கு நடந்தது. ஜெனரேட்டர் நிற்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடலாம்.

இரவு பதினொன்றே முக்கால். எர்பிலிலிருந்து மோசுல் வரும் சாலை. பர்தல்லா ஊரைத் தாண்டியாகிவிட்டது. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. ரியாத் ஓட்டுகிறான். பின் இருக்கை முழுக்கக் கஹ்தான்... காலை நீட்டி, அடியில் இரண்டு தலையணை வைத்து. வலது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரும்பு வளையக் கூண்டு. அதன் கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போகின்றன.

கண்ணிவெடி ஆறு சென்டிமீட்டர் எலும்பைக் கொண்டுபோயிருந்தது. வைத்தியம் இதுதான்: மேலே இருக்கும் நல்ல எலும்பை அறுத்து, அந்தத் துண்டைக் கூண்டோடு பிணைத்து, தினம் ஒரு மில்லிமீட்டர் கீழே இழுப்பது. அது விட்டு வந்த இடத்தில் புது எலும்பு வளரும். இழுப்பது நோயாளியின் வேலை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு. வேளைக்குக் கால்வாசிச் சுற்று வளையங்களை இணைக்கும் நான்கு திருகுக்கம்பிகளின் நட்டுகளை ஸ்பானரால் திருக வேண்டும். திருகியதும் தாளில் டிக் போட வேண்டும்.

ஐம்பத்தோரு நாள். இருநூற்று நான்கு டிக். எக்ஸ்ரேயில் எலும்பு மயிரிழைகூட நகரவில்லை.

மோசுல் டாக்டரம்மா இப்திஹால் நேராகவே கேட்டுவிட்டார். "வலிக்குதுன்னு திருகாம விட்டுட்டு, டிக் மட்டும் போடுறீங்களா?"

இன்னொருவரிடமும் காட்டலாம் என்று அன்று எர்பில் போனால், அந்த டாக்டரும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. மோசுல் டாக்டர் கொடுத்தது சனிக்கிழமை வரை தவணை. அதற்குள் நகரவில்லையென்றால் கூண்டைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவார்கள். அந்தக் கூண்டுக்காக ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

கால் போவதைவிடப் பொய்யன் என்ற பேர்தான் கஹ்தானைத் தின்றது. ஒரு திருகுக்கம்பியில் நட்டு நிற்கும் இடத்தில் மனைவி ஷதாவின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்தான். நான்கு வேளையும் திருகியபின் நட்டு கோட்டைத் தாண்டி நின்றது. விடிந்து பார்த்தால்... மறுபடி கோட்டின்மேலேயே.

"நீ தூக்கத்துல எழுந்து திருகுறியா?" என்று ஷதாவைக் கேட்டான்.

"திருகுறதா இருந்தா உங்க கழுத்தையில்ல திருகியிருப்பேன்" என்றாள் அவள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து ஸ்பானர் கயிற்றில் கோத்து அவன் கழுத்திலேயே தொங்கியது.

சாலைக்கு வருவோம். மணி பன்னிரண்டு.

"மச்சான், நேரமாச்சு. ஓரமா நிறுத்தட்டுமா?"

"ஓட்டு நீ. நிறுத்தினாலும் வலிக்கத்தான் போகுது."

ஓடும் வண்டியிலேயே கஹ்தான் நான்கு கம்பிகளிலும் திருகினான். டிக் போட்டான். ஸ்பானரைக் கைக்குள் மூடிக்கொண்டு கண்ணை மூடினான்.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

க்ளக்.

ஜன்னல்கள் மூடியிருந்தன. வண்டிக்குள் அயோடின் வாடை... கூடவே மட்டமான சிகரெட்டின் புகை. இரண்டு பேருக்கும் புகைக்கும் பழக்கம் கிடையாது.

க்ளக்.

"இன்னும் முடிக்கலையா மச்சான்?"

"முடிச்சுட்டேன்."

"அப்ப யாரு திருகுறது?"

கஹ்தான் கண்ணைத் திறந்து கூண்டைப் பார்த்தான். நட்டு அவன் கண்முன் நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில். கால்வாசி... ஒரு நிதானம். இன்னொரு கால்வாசி... ஒரு நிதானம். பயிற்சி பெற்ற கை, அவசரமில்லாத கை. முதல் கம்பி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. இழுத்துக்கொண்டிருந்த வலி அடங்கி, எலும்பில் ஏதோ அழுந்துகிற வலி வந்தது. கோக்ஜலி சோதனைச்சாவடி வரை ரியாத் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை.

மறுநாள் மோசுல் ஆஸ்பத்திரி. கட்டுப்போடும் அறையில் அபூ ஸல்வான், இருபது வருட ஆள். அங்கே கூண்டு புதிதாக வாங்குவதில்லை. ஒருவர் காலிலிருந்து கழற்றி, நீராவியில் வேகவைத்து, அடுத்தவர் காலில் மாட்டுவார்கள். வளையத்தில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பழைய அட்டை ஒன்றை எடுத்தார்.

"இத்ரீஸ். தல்அஃபர் ஊர்க்காரன். உனக்கு இழுக்கணும், அவனுக்கு நெருக்கணும். முறிஞ்ச ரெண்டு முனையும் முட்டி நிக்கணும். அதனால நட்டு எதிர்ப்பக்கம். ராத்திரிக்கு ஒரு முழுச் சுற்று."

"கால் சேர்ந்துச்சா?"

"எங்க சேர்ந்துச்சு? அஞ்சு வாரத்துல சீழ் ரத்தத்துல ஏறிடுச்சு. சாகுற அன்னிக்கு ராத்திரியும் திருகிட்டுத்தான் செத்தான். ஒரு நாள் தவறல. வாயில சிகரெட்டோடதான் திருகுவான்."

"ரொம்ப நல்லது. அவன் ஒழுக்கசீலன், நான் பொய்யன்."

டாக்டர் இப்திஹாலிடம் நடந்ததைச் சொல்லி வேறு கூண்டு கேட்டான். "இல்ல" என்றார். தாளை அவன் பக்கம் திருப்பினார். "திருகாததுக்குக் காரணம் எழுதணும். வலி, மறதி, நட்டு இறுகிப்போச்சு. மூணு கட்டம்தான் இருக்கு. நீங்க சொல்றதுக்குக் கட்டம் இல்ல."

அன்று இரவு கஹ்தான் இருட்டைப் பார்த்துக் கத்தினான். "இத்ரீஸு, இது உன் கால் இல்லடா." க்ளக். "உனக்குத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. என்னையாவது விடேன்டா." க்ளக். சமையலறையில் ஷதா காதைப் பொத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மறுபடியும் அபூ ஸல்வானிடம் போய் நின்றான். அட்டையை வாங்கிப் பார்த்தான். கடைசி வரி: சிகிச்சையின் முடிவு. அது வெறுமையாக இருந்தது. செத்தவனுக்கு யார் முடிவு எழுதுவார்கள்?

"எழுதுங்க. சேர்ந்துடுச்சுன்னு எழுதுங்க."

"ஆஸ்பத்திரி அட்டையில பொய் எழுதச் சொல்றியா?"

"அம்பது நாளா சொல்லாத பொய்க்குத் திட்டு வாங்கியாச்சு. ஒரு தடவை சொல்லிட்டுத் திட்டு வாங்கிக்கிறேன்."

அபூ ஸல்வான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்க எழுந்துபோனார். கஹ்தானே எழுதினான். எலும்பு சேர்ந்துவிட்டது. இனி திருக வேண்டாம். நடக்கலாம்.

நள்ளிரவில், தன் சுற்றைத் திருகி முடித்ததும், எழுதியதைக் கூண்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். சிகரெட் வாடை வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது... போய்விட்டது. நட்டு அசையவில்லை.

சனிக்கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. "இப்பதான் ஒழுங்கா திருகியிருக்கீங்க" என்றார் டாக்டர். கஹ்தான் பல்லைக் கடித்துக்கொண்டான். கால் தப்பியது. ஷதாவின் மெத்தை சமையலறையிலிருந்து திரும்பி வந்தது. கூண்டு மாட்டிய ஒன்பதாம் மாதம் அதைக் கழற்றினார்கள். வார்த்து ஊற்றியதுபோல ஆறு சென்டிமீட்டர் புது எலும்பு. முடிவு: மிக நன்று.

ஆனால் ஊன்றினால் கால் மடிந்தது. ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக் கட்டிலிலிருந்து வாசல் வரை போவான். அதற்குமேல் முடியாது. மூன்று மாதம் எல்லாப் பயிற்சியும் செய்தான். கால் அவனுடையதே இல்லை என்பதுபோலத் தொங்கியது.

ஆகஸ்ட் மாதம் மறுபரிசோதனை. டாக்டருக்குப் பழைய கோபம். "வீட்டுல படுத்தே கிடக்கிறீங்க, அப்படித்தானே?" என்றபடி இரண்டு பாதங்களையும் தூக்கிப் பார்த்தார்.

இடது பாதம் பச்சைக் குழந்தையின் உள்ளங்கால் போல மெத்தென்று இருந்தது.

வலது பாதம்... குதிகால் காய்த்துத் தடித்திருந்தது. காத தூரம் வெறுங்காலோடு நடப்பவனின் பாதம். வெடிப்புக்குள் செம்மண்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்குறீங்க?"

"வாசல் வரைக்கும்தான் டாக்டரம்மா."

இத்ரீஸின் அட்டையில் தான் எழுதிய கடைசி வார்த்தை கஹ்தானுக்கு ஞாபகம் வந்தது: நடக்கலாம். டாக்டர் நகத்தால் அந்த மண்ணைச் சுரண்டினார். மோசுலில் நான்கு மாதமாக மழை இல்லை. மண் ஈரமாக இருந்தது.